மூன்றாவது கதவு

ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறான் இளநாகன், மூன்றாவது கதவுக்கு முன்னால், கையில் மந்திரக்கோல், கன்னத்தில் தீக்காயம், தீக்குழியைத் தாண்டியாயிற்று, ஆளை விழுங்கும் சுனையையும் நீந்தியாயிற்று, இந்தக் கதவு ஒன்றுதான் பாக்கி, முப்பத்தாறு வருடமாகச் சேர்மக்கனியின் கனவில் அந்தக் கால் கீழே இறங்கவேயில்லை, சில சமயம் முகம் மட்டும் மாறிவிடுகிறது, மந்திரவாதிப் பையனின் உடம்பில் பொன்ராசின் முகம், ஒன்பது வயது, முன்பல் விழுந்த வாய், அவள் தம்பி.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வரும், நடுப்பக்கத்துப் பின்னைக் கத்தி முனையால் நிமிர்த்தித் இளநாகன் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் உருவி அடுக்குவாள், கதை முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்து ஒரே புத்தகமாகத் தைத்து வாங்குவதாகத் திட்டம், உருவுகிற உரிமை அக்காவுக்கு, முதலில் படிக்கிற உரிமை தம்பிக்கு, கோவில்பட்டியில் அந்த வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியான சட்டம் அது, அவன் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வெள்ளியே வந்துவிடும், கடைசி வாரம் வந்தபோது அவள் சட்டத்தை உடைத்தாள், பள்ளிக்கூடப் போட்டோவில் அவளுக்கு மீசை வரைந்திருந்தான், முறுக்கு மீசை, பாவி நன்றாகத்தான் வரைந்திருந்தான், பதின்மூன்று வயசுக்காரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, கடைசிப் பக்கங்களை உருவித் தானே முதலில் படித்துவிட்டுத் தகரப்பெட்டிக்குள் விரித்திருந்த செய்தித்தாளுக்கு அடியில் சொருகிவிட்டாள்.

மறுநாள் காலை மதுரை பஸ், அவனுக்கு இதயத்தில் ஓட்டை, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள், அய்யா முன்னால் ஏறிவிட்டார், அம்மா தூக்குவாளியோடு ஏறுகிறாள், ஒரு காலைப் படியில் வைத்தவன் திரும்பிப் பார்க்கிறான், ஏ யக்கா, இளநாகன் செத்துருவானா மாட்டானா, அத மட்டும் சொல்லுக்கா, மீசைய அழிச்சித் தாரேன், மாட்டான் என்று ஒரு சொல், நாக்கு நுனியில்தான் இருந்தது, வந்து படிச்சிக்கலே என்றாள், கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். திரும்பி வர அவனுக்கு ஓர் ஆசை இருக்கட்டுமே என்றுதான் சொல்லாமல் விட்டேன் என்று பிற்பாடு தனக்குத்தானே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள், பொய், அந்த மீசைதான் காரணம், வேறொன்றுமில்லை. நான்காம் நாள் அவர்கள் பஸ்ஸில் வரவில்லை, வேனில் வந்தார்கள், தெருவே வாசலில் நின்றது, அவனை இறக்கும்போது கால்தான் முதலில் தெரிந்தது.

அதன்பிறகு அவள் பத்திரிகையைத் தொடவில்லை, பைண்டிங் கடைக்கும் போகவில்லை. இன்று பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பெட்டியை வெளியே இழுத்துப் போட்டபோது அம்மாதான் அந்தச் செய்தித்தாளை உரித்தாள், பெட்டித் துரு படிந்த பக்கங்களைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கிறாள், அம்மாவுக்கு எழுத்து தெரியாது, படம் தெரிகிறது, இந்தப் பயதானேட்டி, ஆசுவத்திரியில தம்பி எங்கிட்டயும் கேட்டான், வண்டியில படுக்க வச்சி அந்தக் கதவுகிட்டத் தள்ளிக்கிட்டுப் போறாவ, எம்மா அவன் செத்துருவானாங்கான், சாவ மாட்டான்யா, அம்மா படிச்சிட்டேன்னேன், உனக்குத்தான் படிக்கவே தெரியாதேன்னு சிரிச்சான் பாத்துக்கோ, சிரிச்சிக்கிட்டேதான் உள்ள போனான், கடைசியில எம்புள்ளகிட்டப் பொய்யச் சொல்லி அனுப்பிட்டேனேன்னு இன்னைக்கி வரைக்கும் உறுத்துது, நெசமா என்னட்டி ஆச்சி இந்தப் பயலுக்கு.

சாகலம்மா, என்றாள் சேர்மக்கனி, கதவத் தாண்டிட்டான், அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள், அப்ப நான் பொய் சொல்லலட்டி, என் ராசாகிட்ட நான் பொய் சொல்லல, என்று அந்தத் தாள்களை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அழுகிறாள், எனக்கு அன்னைக்கே தெரியும்மா என்று இவள் சொல்லியும்விட்டாள், அம்மா காதில் விழுந்ததா இல்லையா, முந்தானையால் அந்தப் படத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள், அதில் கதவு இப்போது பின்னால் இருக்கிறது, இரண்டு காலையும் அந்தப் பக்கத்துத் தரையில் ஊன்றிவிட்டான், முதுகு மட்டும்தான் வரைந்திருக்கிறார்கள், சிரிக்கிறானா என்று இங்கிருந்து பார்த்தால் தெரியவில்லை.