நண்டுக்குத் தாகம்

மடுல்கெல்லைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்த காலத்தில்கூட, காலில் ஏறிய அட்டையை உப்புப் போட்டுக் கொன்றவளில்லை நான். சுண்டித்தான் விடுவேன். அதனால் அம்பிட்டிய விடுதிச் சமையலறையில் சேரும்போதே கறாராகச் சொல்லிவிட்டேன்: "எல்லா வேலையும் செய்றேங்க. உசிரு எடுக்கிற வேலை மட்டும் எனக்கு வேணாம்."

அந்த வேலை தலைமைச் சமையல்காரர் சோதிலிங்கம் அண்ணனுடையது. யாழ்ப்பாணத்துக்காரர். உயிர் நண்டை ஐசுக்குள் புதைப்பார். விறைத்ததும் புரட்டிப் போட்டு, வயிற்று மடலைத் தூக்கிக் குத்தூசியால் ஒரு குத்து, கண்ணுக்குக் கீழே இன்னொரு குத்து.

"விறைச்ச பிறகு குத்தினா அதுக்கு நோகாது பிள்ளை. உயிரோட கொதிதண்ணியில போடுறதுதான் பாவம்" என்பார்.

எனக்கு எரிச்சல் வரும். கொல்வதென்று ஆனபிறகு அதில் என்ன பாவபுண்ணியம் பார்க்க வேண்டிக்கிடக்கிறது?

போன சனிக்கிழமை காலை ஈரச் சாக்கில் பன்னிரண்டு கடல் நண்டுகள் வந்தன. முதல்நாள் கரண்ட் போனதில் ஐஸ் எல்லாம் உருகியிருந்தது. "வாங்கிக்கொண்டு வாறன். சாக்கைத் தொடாதை" என்று அண்ணன் கிளம்பினார். டவுனில் கிடைக்காமல் கட்டுகஸ்தோட்டை வரை போய்விட்டார்.

நண்டுகள் வாயில் நுரை தள்ளின. ஐயோ, தாகத்தில் தவிக்கின்றன என்று எனக்கு மனசு கேட்கவில்லை. பெரிய பேசனில் பைப்புத் தண்ணீர் நிறைத்து எல்லாவற்றையும் விட்டேன். துள்ளின. சந்தோஷம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு மூன்று கால்கள் கழன்று தண்ணீரில் கிடந்தன. "சண்டை போடாம கெடங்க, சனியன்களா" என்று அதட்டிவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். பிறகு ஒரு சத்தமுமில்லை. நல்ல காரியம் செய்தோம் என்று எனக்குள் ஒரே பெருமை.

பதினொரு மணிக்கு வந்த அண்ணன் பேசனைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"பைப் தண்ணியோ விட்டனீ?"

"ஆமாண்ணே. தாகமா கெடந்திச்சுங்க."

"உப்பில்லாத தண்ணி இதுகளுக்கு நஞ்சு பிள்ளை. வேதனை தாங்காமத்தான் காலைக் கழட்டி விட்டிருக்குதுகள். கொதிதண்ணி எண்டாலும் ரெண்டு மூண்டு நிமிசத்தில முடிஞ்சிருக்கும்."

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவை செத்துக்கொண்டிருந்திருக்கின்றன. பதினொன்று முடிந்துவிட்டன. செத்த நண்டைச் சமைக்கவும் முடியாது, குப்பைக்குத்தான். ஒன்று மட்டும் கண்ணை லேசாக அசைத்தது.

அண்ணன் அதை ஐசுக்குள் வைத்தார். அரை மணித்தியாலம் பக்கத்திலேயே நின்றேன். அவர் குத்தூசியை எடுத்தபோது, "என்கிட்ட குடுங்க" என்று கையை நீட்டினேன்.

மடலைத் தூக்கிப் பிடித்தேன். குத்தூசியை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன்.

"முதல் தரம் அப்பிடித்தான் இருக்கும் பிள்ளை" என்றார் அண்ணன்.

"மொத தடவையா? இது பன்னண்டாவதுண்ணே" என்று சொல்லிக் குத்தினேன்.