நாலு சால் மல்லாட்டை

ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்திருந்த சுருண்ட நிலக்கடலை இலைகளிலிருந்து மூன்று குளவிகள் வெளியே வந்தன. எள்ளில் பாதிகூட இல்லை. இலைக்குள் இருந்த சுருள்பூச்சிப் புழுவைத் தின்றே வளர்ந்தவை. திண்டிவனத்தில் எம்.எஸ்சி. படிக்கும் சங்கவி படமெடுத்துப் பூச்சி நிபுணர் ஒருவருக்கு அனுப்பினாள். இந்தப் பேரினத்தைப் பார்த்தவர்களே குறைவு, மூன்றும் பெண், ஓர் ஆண் கிடைத்தால்தான் என்ன இனமென்று சொல்ல முடியும் என்று பதில் வந்தது.

ஒலக்கூர் பக்கம் அவர்கள் மல்லாட்டை நிலத்திலும் சுற்றியுள்ள கொல்லைகளிலும் மறுநாள் மருந்தடிப்பு. எல்லோரும் ஒரே நாளில்தான் அடிப்பார்கள். ஒருத்தர் விட்டால் பூச்சியெல்லாம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

“மருந்தடிக்காம நாலு சால் வுடுப்பா.”

“குளவி வளக்கவா உன்னப் படிக்க வெச்சேன்?” என்றார் அப்பா சேட்டு.

“உன் மருந்து மொதல்ல அதத்தான் சாவடிக்குது. புழு இலைக்குள்ள சொகுசா கீது.”

“பக்கத்துக் கொல்லைக்காரன் கேட்டா?”

“எம்பொண்ணு கிறுக்குனு சொல்லு.”

அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் வரப்போரத்து நாலு வரிசைச் செடிகளை விட்டுவிடும்படி மருந்தடிக்கும் சீனுவாசனிடம் சொன்னார்.

காலையில் சங்கவி போனபோது அந்த நாலு சாலும் நனைந்து மினுங்கின.

“இன்னா மாமா பண்ணி வெச்சிருக்கீங்க?”

“டேங்க்ல கொஞ்சம் மீந்துபோச்சு பாப்பா. மருந்த எவனாச்சும் தரையில ஊத்துவானா? அதான் ஓரத்துல அடிச்சி முடிச்சிட்டேன்.”

வாயில் வந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள்.

“படிச்ச பொண்ணு பேசுற பேச்சா இது?” என்றார் சேட்டு.

“படிச்சதாலதான் பேசறேன்.” சீனுவாசன் பக்கம் திரும்பினாள். “நாளைக்கு எங்க அடிக்கிறீங்க?”

“மயிலத்துல ரெண்டு காணி. நாளன்னிக்குக் கூட்டேரிப்பட்டு.”

எந்தக் கொல்லையில் எப்போது மருந்து விழும் என்பது இந்த ஆளுக்குத்தான் தெரியும்.

“என்னையும் வண்டியில கூட்டிக்கினு போங்க. அடிக்கறதுக்கு முன்னாடி நான் கொல்லையில எறங்கி இலை பொறுக்கணும்.”

“யாருனு கேட்டா இன்னா சொல்ல?”

“கையாளுன்னு சொல்லுங்க.”

மறுநாள் மயிலத்தில் அவர் மருந்து கலக்கி முடிக்கும்வரை அவள் நிமிரவில்லை. பாட்டில் பாதிதான் நிரம்பியிருந்தது.

“ஜல்தி பாப்பா, வெயில் ஏறிக்கினே போவுது.”

“இருங்க மாமா.”

சீனுவாசன் முதுகில் ஏற்றிய டேங்கை இறக்கி வைத்தார். குனிந்து, சுருண்ட இலை ஒன்றைக் கிள்ளி நீட்டினார்.

“இதுல இருக்குமா?”

“தெரியாது. பாட்டில்ல போடுங்க.”