உப்பு ஓட்ஸ், சக்கரை ஓட்ஸ்

ஐவி இரண்டு கிண்ணங்களையும் மேசையில் வைத்தாள். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே ஓடினாள். அவள் கணவர் ஜஸ்டஸ் கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தார். ஜெபம் என்று சொல்வதும் பொய்தான். கண்ணை மூடினால் டிரையர்காரன் தினகரனின் முகம்தான் வந்து நின்றது. பத்து மணிக்குத் தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் அவன் மேல் விசாரணை. ஆமென் என்று வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு, கைக்கு எட்டிய கிண்ணத்தை இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

ஓட்ஸ் அந்த வீட்டில் பதினோரு வருஷத்துச் சண்டை. ஜஸ்டஸுக்குக் கொலஸ்ட்ரால் ஏறிக் கிடக்கிறது என்று டாக்டர் சொன்ன மறுநாளே அது வீட்டுக்குள் வந்துவிட்டது. இட்லியும் உப்புமாவும் சத்தமில்லாமல் இடத்தைக் காலி செய்தன. தண்ணீரில் வேகவைத்தால் போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரி இருக்கிறது, பாலில்தான் காய்ச்ச வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது. அதற்கு மேல் ஆளுக்கு ஒரு கட்சி. ஐவிக்குத் தாராளமாகச் சக்கரை வேண்டும். ஜஸ்டஸுக்கு உப்பு. பாலில் உப்புப் போட்டுத் தின்கிற மனுஷனை அவள் எங்கே கண்டாள்? "மாட்டுக்குக் கூட இப்படிக் கலக்கி வெக்க மாட்டாங்க" என்பாள். "உன்னோடது பாயாசம். டாக்டர் ஓட்ஸ் சாப்பிடச் சொன்னாரு, கல்யாண ஊட்டுக்குப் போகச் சொல்லல" என்று இவர் திருப்பிக் கொடுப்பார். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும் என்பதால் உப்புக் கிண்ணத்தில் மட்டும் அவள் கரண்டியை உள்ளே போட்டு வைப்பாள், சக்கரைக் கிண்ணத்துக்குக் கரண்டி பக்கத்தில் கிடக்கும்.

உப்பு அவருக்கு வெறும் ருசி இல்லை, பிழைப்பு. கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் அவர் டீ மேக்கர். ஏழரைக்கெல்லாம் வரிசையாகக் கப்புகளை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்பி, எந்தத் தூள் மூட்டைக்குப் போகலாம், எது போகக்கூடாது என்று சொல்ல வேண்டும். காலையில் சக்கரை பட்ட நாக்கு அன்றைக்கு எதற்கும் உதவாது என்பது அவர் கட்சி. ஒரு முறை, ஐந்தாறு வருஷம் இருக்கும், கிண்ணம் மாறி ஒரு வாய் சக்கரை ஓட்ஸ் உள்ளே போய்விட்டது. வாஷ்பேசினுக்கு ஓடித் துப்பி, வெந்நீரில் நாலு தடவை கொப்பளித்து, அப்போதும் திருப்தி இல்லாமல் அரைநாள் லீவ் போட்டுவிட்டார். ஐவி அந்தக் கதையைச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை.

"எப்படிங்க இருக்குது?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"உப்பு ஒரு கல்லு கம்மி."

இதையும் அவர் யோசித்துத்தான் சொன்னார். நேற்று ஒரு கல்லு ஜாஸ்தி என்றார். முந்தாநாள் சரி என்றார். குறையே சொல்லாவிட்டால் அவளுக்குச் சந்தேகம் வரும். போன மாதம் ஐந்து நாள் அடித்த காய்ச்சலோடு அவருடைய நாக்கு செத்துவிட்டது. மூக்கும் அதோடு போயிற்று. ஒரு வாரத்தில் திரும்பிவிடும் என்றிருந்தார். திரும்பவில்லை. ஒரு நாள் வெறும் உப்பையே நாக்கில் வைத்துப் பார்த்தார், மணல் மாதிரி இருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. நிறத்தைப் பார்த்து, தூளைக் கையில் தேய்த்துப் பார்த்து, முப்பது வருஷப் பழக்கத்தில் ஒப்பேற்றிக்கொண்டு வந்தார்.

ஐவி வந்து உட்கார்ந்தாள். மிச்சமிருந்த கிண்ணத்தில் கரண்டி இருப்பதைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். ஒரு வாய் எடுத்து வைத்ததும் அவள் முகம் மாறியது. எட்டி அவருடைய கிண்ணத்தில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். அவர் முக்கால் கிண்ணம் சக்கரை ஓட்ஸைத் தின்று முடித்திருந்தார்.

"ஏனுங்க," என்றாள்.

ஜஸ்டஸ் தன் கிண்ணத்தைப் பார்த்தார், அவள் கிண்ணத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார். அம்மணமாக நிற்பது போல் கூசிப்போனது.

"எத்தன நாளா?"

"காய்ச்சலுக்கு அப்புறம்."

"ஞாயித்துக்கெழம மீன் கொழம்பு பிரமாதம்னீங்க. நானும் சந்தோசப்பட்டுக்கிட்டேன்."

அவள் மீன் குழம்போடு நிற்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள். பையன்களின் பொய்யை அவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுவாள்.

"அப்ப உங்ககிட்டச் சொன்னேன்னு தினகரன் சொல்றது நெசந்தானுங்களா?"

நிஜம்தான். மூன்று வாரம் முன்னால் டிரையரில் சூடு ஏறி ஒரு ஈடு தூள் லேசாகக் கருகியிருந்தது. தினகரன் கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து, "ஐயா, கருகின வாடை அடிக்குதுங்களே" என்றான். ஜஸ்டஸ் மோந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "எனக்கே நீ சொல்லிக் குடுக்கறயா? மூட்டையில போடு" என்று எரிந்து விழுந்தார். கருகல் என்று சரக்கு திரும்பி வந்தது. மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டபோது, நான் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது, தினகரன் என்னிடம் எதுவும் சொல்லவில்லை என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. தினகரனை சஸ்பெண்ட் செய்தார்கள். வேலை போனால் அவன் குடியிருக்கிற எஸ்டேட் லயத்து வீடும் போகும். சிலோனிலிருந்து வந்த நாளாக அவன் அப்பா அம்மா இருந்து செத்த வீடு அது. இதெல்லாம் ஜஸ்டஸுக்குத் தெரியும். தெரிந்துதான் இத்தனை நாளும் ஓட்ஸில் உப்புக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரிட்டயராக இன்னும் ரெண்டு வருசம் இருக்குது ஐவி. நாக்கு இல்லாத டீ மேக்கருக்கு அங்க என்ன வேல?"

"அவனுக்கு என்ன வேலைங்க இருக்குது?"

திட்டியிருந்தால் தேவலை. அவள் எழுந்து, உப்புக் கிண்ணத்தை வழித்துக் கொட்டிக் கழுவி வைத்தாள். பிறகு அவர் ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தாள். வாசல்வரை வரவில்லை.

ஆபீஸ் மேசையில் இரண்டு வெள்ளைக் கப்புகளில் டீ ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கரண்டியும் துப்புகிற பாத்திரமும். தினகரன் கதவோரம் நின்றான். நாற்பத்தைந்து வயது ஆள், சலவைச் சட்டை போட்டு, சிறுபிள்ளை போலத் தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தான்.

"ஜஸ்டஸ், ஒண்ணு நல்ல தூள், ஒண்ணு திரும்பி வந்தது," என்றார் மேனேஜர். "திரும்பி வந்தது நெசமாவே கருகல்தானான்னு நீங்க ஒருவாட்டி சொல்லிட்டா நான் ரிப்போர்ட்ட முடிச்சிருவேன். தினகரன், நீ ஏதாவது சொல்லணுமா?"

"நான் அன்னிக்கு ஐயாகிட்டச் சொன்னேனுங்க தொர. மெசின் சத்தத்துல ஐயாவுக்குக் கேக்காம இருந்திருக்கும். ஐயா பொய் சொல்ற ஆளு இல்லீங்க."

ஜஸ்டஸ் ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டிவிட்டார். கரண்டியை எடுத்தார். முதல் கப்பில் அள்ளி, ஃபேக்டரியே கேட்டுப் பழகிய அந்தச் சத்தத்தோடு உறிஞ்சித் துப்பினார். வெந்நீர். இரண்டாவது கப். அதுவும் வெந்நீர். ஆனால் இடது பக்கத்து டீ மங்கிக் கிடப்பது கண்ணுக்கே தெரிந்தது. அதைத் தொட்டுக் காட்டினால் போதும். பெயர் நிற்கும், இரண்டு வருஷமும் நிற்கும். ஐவியைத் தவிர ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஐவியும் யாரிடமும் சொல்ல மாட்டாள். தினமும் காலையில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவாள், அவ்வளவுதான்.

"தினகரா, இங்க வாப்பா."

வந்தான். ஜஸ்டஸ் கரண்டியைக் கழுவி அவனிடம் நீட்டினார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது. ஒரு மாசமா எல்லாமே ஒண்ணாத்தான் இருக்குது. அன்னிக்கு நீ வாடை அடிக்குதுன்னு வந்து சொன்னப்பவும் எனக்கு ஒண்ணும் தெரியல. எதுன்னு நீ சொல்லு."

மேனேஜர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கரண்டியை டிரையர்காரர்கள் யாரும் தொட்டதில்லை. தினகரன் கையைச் சட்டையில் ஒரு முறைக்கு இரண்டு முறை துடைத்துக்கொண்டு வாங்கினான். இடது பக்கக் கப்பில் கொஞ்சம் அள்ளினான். அவனுக்கு உறிஞ்சவும் தெரியவில்லை, துப்பவும் தெரியவில்லை. மருந்து குடிப்பது போல மெதுவாக விழுங்கினான். கருகல்தான். ஜஸ்டஸின் முகத்தைப் பார்க்க முடியாமல், கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான்.