அழுதால் லீவு இல்லை

ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் சலவைக்கூடம் அது. அங்கே வேலை செய்யும் பெண்கள் மேற்பார்வையாளருக்கு வைத்திருந்த பெயர் 'சாட்சி சார்'. ஆண்கள் தலைவலி என்றால் லீவு கொடுத்துவிடுவார். பெண்கள் தலைவலி என்றால், "சாட்சி யாரு?" என்பார். தலைவலிக்கு யார் வந்து சாட்சி சொல்வது? கண் கலங்கிவிட்டாலோ, கிடைக்க இருந்த லீவும் போச்சு. "இந்த நீலிக் கண்ணீரெல்லாம் நான் எட்டு வயசுலேயே பாத்தாச்சும்மா. போய் வேலையைப் பாரு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. எட்டு வயதில் பார்த்ததுதான். அக்கா ரேடியோவைக் கீழே போட்டு உடைத்தாள். வாசலில் அப்பா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் ஓவென்று அழுது தம்பியைக் கைகாட்டினாள். பெல்ட் அவன் முதுகில் விளையாடியது. அவனும் அழுதான், ஆம்பளைப் பிள்ளைக்கு என்னடா அழுகை என்று அதற்கும் இரண்டு விழுந்தது.

அந்த அக்காவுக்கு அப்போது பத்து வயது. பெல்ட்டுக்குப் பயந்த குழந்தைதான் அவளும். நாற்பது வருடமாகியும் இது அவருக்குத் தோன்றவில்லை. அடித்த அப்பாவை எப்போதோ மன்னித்துவிட்டார்; அழுத அக்காவை மன்னிக்கவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பிலிருந்து ஒதுங்கும், அவ்வளவுதான். இந்த மனிதர் ஊரிலுள்ள அடுப்பையெல்லாம் திட்டிக்கொண்டு திரிந்தார்.

வீட்டிலும் இதே சட்டம். அழ வேண்டுமென்றால் மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு வருவாள். ஒன்பது வயது மகளுக்கு அப்படிப் போக்கிடம் கிடையாது. பள்ளி விட்டதும் நேராகச் சலவைக்கூடத்துக்கு வந்து, அப்பாவின் மேசையில் வீட்டுப்பாடம் எழுதுவாள்.

அன்று நாலு மணிக்கு வர வேண்டியவளை ஐந்தாகியும் காணோம். பள்ளிக்குப் போன் செய்தார். அவள் எப்போதோ கிளம்பிவிட்டாள் என்றார்கள். வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார்.

விரிப்பு மடிக்கும் பெண்தான் ஓடி வந்தாள். "சார், பாப்பா பின்னாடி அழுக்குத்துணி மூட்டைக்குப் பக்கத்துல உக்காந்திருக்கு. கையை வந்து பாருங்க."

ஓடினார். மகளின் இடது மணிக்கட்டு வீங்கி, ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. மறு கையால் அதைத் தாங்கிப் பிடித்திருந்தாள். வரும் வழியில் கால் தடுக்கி விழுந்தாளாம்.

"எப்ப வந்தே?"

"நாலு மணிக்கு."

"ஒரு மணி நேரமா இங்கேயா இருக்கே? அப்பா செவுத்துக்கு அந்தப் பக்கம்தானே இருக்கேன்! வந்து சொன்னா என்ன?"

அவள் தரையைப் பார்த்தாள். "கதவு வரைக்கும் வந்தேன்ப்பா. அழுகை நிக்கவே மாட்டேன்னுச்சு. நின்னப்புறம் சொல்லலாம்னு திரும்பிட்டேன். அழுதுக்கிட்டே சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க."

பக்கத்தில் நின்ற பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வண்டி பிடிக்க வெளியே போனாள்.

"நம்புறேன் கண்ணு," என்று மகளைத் தூக்கினார்.

அது அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. தோளில் கண்களை அவசரமாகத் துடைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப அழலப்பா, பாருங்க. நெஜமாவே வலிக்குது."