பின்னால் கேட்கும் சத்தம்

அலமாரிக்குள் உட்கார்ந்துகொண்டு அவள் அந்தச் சொல்லை மறுபடியும் சொன்னாள். டாக். துணிகளையெல்லாம் கட்டில்மேல் எடுத்துப் போட்டுவிட்டு, உள்ளே மூன்று பக்கமும் போர்வை தொங்கவிட்டு, மைக்கை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டால் அதுதான் அவளுடைய ஸ்டுடியோ. மின்விசிறி போடக்கூடாது. பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கான ஒரு செல்போன் செயலிக்காக ஒவ்வொரு சொல்லையும், அதன் பொருளையும், அதை வைத்து ஒரு வாக்கியத்தையும் படித்து அனுப்புவது வேலை. பூனை சுலபமாக முடிந்துவிட்டது. நாய்தான் முடிந்தபாடில்லை.

இத்தனை சின்னச் சொல் எத்தனை இடத்தில் போய் நிற்கிறது என்று அவளுக்கே ஆச்சரியம். ஒருவர் பின்னாலேயே விடாமல் போனாலும் அந்தச் சொல்தான். புத்தகத்தில் பக்கத்தின் மூலையை மடித்தால் அது நாயின் காதாம். களைத்துப் போனால் நாயைப் போலக் களைப்பு. தோற்றுவிடுவான் என்று எல்லாரும் நினைக்கிற ஆளுக்கும் அதே பெயர். வாழ்க்கை கேவலமாகப் போனால் நாயின் வாழ்க்கை. நாம் மட்டும் என்ன, நாய்ப் பொழப்பு என்கிறோம், நாய் படாத பாடு என்கிறோம். அந்த மிருகத்தின்மேல் உலகத்துக்கே என்ன கோபமோ. கடைசி வாக்கியம் இதுதான்: வேலை போனபின் அவன் பிழைப்பு நாய்ப் பிழைப்பானது. அந்த இடம் வரும்போதெல்லாம் அவள் குரல் தானாக இறங்கிவிடும்.

ஏனென்றால் கதவுக்கு வெளியே அவள் கணவர் நடந்துகொண்டிருந்தார். அட்டைப் பெட்டித் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர். இயந்திரத்துக்கு இயந்திரம் நாள் முழுக்க நடந்தே பழகிய கால். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், காலுக்கு அது தெரியவில்லை. கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து பால்கனி. ரப்பர் செருப்பு தரையில் தேய்ந்துகொண்டே இருக்கும். உட்காரச் சொன்னால் உட்காருவார். அப்படி உட்கார்ந்திருக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் அவள் சொல்வதை விட்டுவிட்டாள்.

பதிவுகளைக் கேட்டுச் சரிபார்க்கும் பெண் போன் செய்தாள். அவள் அனுப்பிய பதிவு மறுபடியும் சரியில்லை என்று திரும்பி வந்திருந்தது.

"அக்கா, பின்னாடி யாரோ நடக்கற மாதிரியே கேக்குது. இன்னொரு தடவ வந்துச்சுன்னா வேற ஆளப் பாருன்னு மேல சொல்லிட்டாங்க. நான் என்னக்கா பண்றது?"

அந்த வீட்டுக்கு இப்போது வருமானம் என்றால் இந்த அலமாரி ஒன்றுதான். சரிம்மா என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். நெற்றி வேர்வையைத் துடைத்தபடி அவர் எதிரே நின்றாள். என்னாச்சாம் என்று கேட்டார். உங்கள் கால்தான் என்று வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் எப்போதும் திரிகிற பழுப்பு நாய் குரைத்தது.

"கீழ அந்த நாய் கொரைக்குதுல்ல, அது பதிவுல விழுதாங்க."

அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "இவ்ளோதானா? நான் பாத்துக்கறேன்."

நான் பாத்துக்கறேன் என்று அவர் சொல்லிக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. சட்டையை மாற்றிக்கொண்டு, தலையைக்கூட வாரிக்கொண்டு இறங்கிப் போனார். பிஸ்கட்டைக் காட்டி நாயைத் தெருக்கோடி மைதானத்துக்கு அழைத்துப் போய், அவள் போன் செய்யும்வரை அங்கேயே வைத்திருந்தார். வீடு அமைதியாக இருந்தது. அன்றைய பதிவு திரும்பி வரவில்லை.

அதுவே தினசரி வேலையாகிவிட்டது. காலையில் அவள் பிளக்கைப் பிடுங்கினால் அவர் செருப்பை மாட்டிக்கொள்வார். கீழ் வீட்டுத் தையல்காரர், என்ன சார் புது டியூட்டியா, பி.எஃப். எல்லாம் உண்டா என்று கிண்டல் செய்வார். உண்டு, வால் ஆட்டினா போனஸ் என்று இவர் பதில் சொல்வார். மத்தியானம் வெயிலில் கறுத்துப் போய் வந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பாள். அவர் சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்ததும் நாளைக்கு என்று தள்ளிப் போடுவாள். நாய் இப்போது மாடிப்படி வரைக்கும் வர ஆரம்பித்திருந்தது. அவர் குரல் கேட்டால் போதும், கொஞ்சலாக இன்னும் கூடுதலாகக் குரைத்தது.

வெள்ளிக்கிழமை அவர் அலமாரிக் கதவைத் தட்டினார். பதிவு நேரத்தில் அவர் தட்டியதே கிடையாது. முகம் பளிச்சென்று இருந்தது.

"தினம் இழுத்துட்டுப் போறதெல்லாம் ஒட்டுப் போடற வேல. ஃபேக்டரில இப்பிடி விடமாட்டோம், பிரச்சினைய வேரோட எடுத்துருவோம். நகராட்சிக்குப் போன் பண்ணிட்டேன். நாய் வண்டி வருது. இனிமே நீ நிம்மதியா பேசலாம்."

அவள் எழுந்திருப்பதற்குள் படியிறங்கிவிட்டார். மைக் வயர் காலில் சுற்றிக்கொண்டது. உதறிவிட்டு ஓடினாள். அந்த வண்டியில் போனது திரும்பினதில்லை என்று தையல்காரர் முன்பு ஒரு தரம் சொல்லியிருந்தார்.

கேட்டுக்கு வெளியே அவர் துணிக்கொடிக் கயிற்றால் நாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். அது அவர் பாதத்தின்மேல் தலையைச் சாய்த்துப் படுத்திருந்தது.

"அத விட்ருங்க."

"ஏன்? வண்டி வந்துரும் இப்ப."

"சத்தம் அதோடது இல்லீங்க."

"பின்ன யாரோடது?"

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண் தானாகக் கீழே போனது. அவரும் கீழே பார்த்தார். நாயைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தாள். பிறகு அவர் செருப்பில் கால் விரல்களை மெதுவாக உள்ளே மடக்கிக்கொண்டார்.

"அப்ப இத்தன நாளு..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

திருப்பத்தில் வண்டியின் ஹாரன் கேட்டது. அவர் குனிந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். இறுகிப் போயிருந்தது. நாய் விளையாட்டு என்று நினைத்து அவர் கையை நக்கியது. நிமிர்ந்தார், அவளை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடக்கத் தொடங்கினார்.

வண்டி அவள் பக்கத்தில் வந்து நின்றது. பின்னால் வலையோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். டிரைவர் தலையை நீட்டி, "நாய் எங்கம்மா?" என்றான்.

தெருக் கோடியில் அவர் போய்க்கொண்டிருந்தார், ஏறக்குறைய ஓட்டமாக. கயிறு விறைத்து நீண்டிருந்தது. யார் யாரை இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று இங்கிருந்து தெரியவில்லை.