சாவிக்காரர் வழக்கில் என் வாக்குமூலம் ஏன் கதையாகிவிட்டது

1.

காலையில் எழுகிறேன். பல் துலக்குகிறேன். கெட்டிலில் தண்ணீர் வைக்கிறேன். மாமனார் வரவேற்பறையில் செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி, "தண்ணி கொதிக்குது" என்பார். கெட்டில் தானாக அணையும் என்று நான் சொல்வதில்லை. சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன். முன்பக்கம் மட்டும். பின்பக்கத்தைப் பார்த்துக் கத்துகிறவள் இப்போது இல்லை.

(கடைசி வாக்கியத்தை அடித்துவிட வேண்டும். முதல் பத்தியிலேயே அனுதாபம் கேட்டுக் கை நீட்டுகிறது.)

அப்படி ஒரு காலையில்தான் வக்கீல் அம்மா கூப்பிட்டார். எங்கள் தெருமுனையில் பூட்டும் சாவியும் செய்பவரைக் கஞ்சாவோடு பிடித்துவிட்டார்களாம். அவருக்காக வாதாடுவது இவர்தானாம்.

"உங்க மனைவிக்காக அவர்கிட்ட வாங்கினீங்க இல்ல சார்? எதுக்கு வாங்கினீங்கன்னு எழுதிக் குடுங்க. இல்லன்னா கோர்ட்டுக்கு அந்தப் பொட்டலத்தோட எடை மட்டும்தான் தெரியும்."

சரி என்றேன். வாக்குமூலம் எழுத உட்கார்ந்தேன். இது வந்தது. வாக்குமூலத்துக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். கதைக்கு வேண்டாம். என் இலக்கிய ஆர்வத்துக்கு வேறு காரணம் தேடாதீர்கள்.

2.

நான் கையேடு எழுதுபவன். துணி துவைக்கும் இயந்திரம், மிக்சி, தண்ணீர் வடிகட்டி. பெட்டியைத் திறந்ததும் நீங்கள் தூக்கி எறிவீர்களே, அது நான் எழுதியது.

முதல் தொடக்கம்: "சட்டம் என்பது மனிதனுக்காகவே" — விட்டேன். எனக்கு மாலை போட யாரும் காத்திருக்கவில்லை.

இரண்டாம் தொடக்கம்: "அவளைக் காப்பாற்ற வந்த மருந்தே அவளை" — முடிக்கத் தெரியவில்லை.

மூன்றாம் தொடக்கம்: "எச்சரிக்கை: ஈரக் கையால் தொடாதீர்கள்." பழக்க தோஷம்.

நேராகவே சொல்கிறேன். அவளுக்குப் புற்றுநோய். ஏற்றிய மருந்து வாந்தியாக வந்தது. வாந்திக்குக் கொடுத்த மாத்திரையும் வாந்தியாக வந்தது. கடைசியில் வெறும் தண்ணீர்கூட நிற்கவில்லை. மருத்துவர் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டே, "சில பேர் வேற ஒண்ணு எடுத்துப் பாக்கறாங்க. நான் சொல்லல" என்றார்.

"எவ்வளவு டாக்டர்?"

"நான்தான் சொல்லவே இல்லையே. அளவு எப்படிச் சொல்ல?"

என் தொழிலில் இப்படி ஒரு பொருளை விற்றால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். நான் சொல்ல வந்த வாதம் முழுவதும் இவ்வளவே: தடை கஞ்சாவை எங்கள் வீட்டுக்கு வராமல் தடுக்கவில்லை. கூட வந்திருக்க வேண்டிய கையேட்டை மட்டும் தடுத்தது.

முதல் தடவை பிஸ்கட்டில் கலந்தோம். அளவு கூடிவிட்டது. கட்டில் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "லிஃப்ட் இறங்குதுடா, நிறுத்து" என்று மாலை வரை சொன்னாள். இறங்கிக்கொண்டிருந்த கட்டிலில் நானும் உட்கார்ந்திருந்தேன். யாரைக் கூப்பிட்டுக் கேட்பது? போலீசையா? கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் குறைத்துத்தான் சரியான அளவைக் கண்டுபிடித்தோம். அதன் பிறகு வயிற்றில் தண்ணீர் நின்றது. பிறகு சாப்பாடு.

3.

இந்தக் கதையில் நம்ப முடியாத பாத்திரம் ஒன்று உண்டு. என் மாமனார். ஓய்வுபெற்ற மாஜிஸ்திரேட். கஞ்சா வழக்குகளில் ஆட்களை உள்ளே அனுப்பியவர். நானாக இருந்தால் இப்படி ஒரு ஆளைப் படைக்க மாட்டேன். ரொம்ப வசதியாக இருக்கிறார்.

ஆனால் முதலில் வாங்கப் போனது அவர்தான். "உன்னைப் பிடிச்சுட்டா அவளை யாரு பாத்துக்குவா? நான் போறேன்" என்று ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினார். சாவிக்காரரின் பெட்டிக் கடை முன்னால் நிமிர்ந்து நின்று, தீர்ப்பு வாசிக்கிற குரலில் சொல்லியிருக்கிறார்:

"கஞ்சா வேணும்."

"நான் சாவிதான் செய்வேங்க."

"பேரு?"

சொல்லியிருக்கிறார்.

"அப்பா பேரு?"

அதையும் சொல்லியிருக்கிறார்.

"வயசு? இதுக்கு முன்னாடி வழக்கு ஏதாவது இருக்கா?"

மாமா வெறுங்கையோடு திரும்பி வந்தார். சாவிக்காரருடைய பழைய வழக்கு மட்டும் அவருக்கு முழுசாகத் தெரிந்திருந்தது. "பாவம், நல்ல குடும்பம்" என்றார்.

மறுநாள் நான் போனேன். "பெரியவரை இனிமே அனுப்பாதீங்க சார்" என்றார் சாவிக்காரர். "அவரு கேக்கக் கேக்க, கை தானா கட்டிக்குது."

[குறிப்பு: ஒரு வரைவில், சாவிக்காரரை முன்பு சிறைக்கு அனுப்பிய நீதிபதியே மாமாதான் என்று வைத்திருந்தேன். கதை ஜம்மென்று நின்றது. உண்மை இல்லை. அது வேறு நீதிபதி. "நானா இருந்தா ஆறு மாசம் கூடக் குடுத்திருப்பேன்" என்றார் மாமா. அவர் சிரிக்கவில்லை.]

4.

வக்கீல் அம்மா முதல் வரைவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நோயாளிங்களுக்கு மட்டும் வித்தார்னு எழுதியிருக்கீங்க. அவர்கிட்ட வாங்கினவங்க எல்லாரும் நோயாளி இல்ல சார்."

உண்மை. டாக்சி ஓட்டுகிறவர்கள் வாங்கினார்கள். கிடார் கடைக்காரர் வாங்கினார். யாருக்கும் ஒரு நோயும் இல்லை. புகைத்தார்கள், சம்பந்தமில்லாமல் சிரித்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். என் மனைவியுடையது மருந்து, டாக்சிக்காரருடையது குற்றம் என்று எழுதத்தான் கை போயிற்று. அதே தெருவில் மதுக்கடைக்கு விளக்குப் போட்ட பலகை இருக்கிறது. உள்ளே போகிறவரிடம் என்ன நோய் என்று யாரும் கேட்பதில்லை. புட்டியில் எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறது.

[இங்கே புள்ளிவிவரம் வர வேண்டும். என்னிடம் இல்லை. இடம் விட்டிருக்கிறேன்.]

"அப்ப இது கெடுதலே இல்லையா மேடம்?"

"யார் சொன்னா? எங்க சித்தி பையன் பதினேழு வயசுல ஆரம்பிச்சு, புத்தி பேதலிச்சு நின்னான். அதனாலதான் சொல்றேன், கடையில வெச்சு, வயசு கேட்டு விக்கட்டும். சந்துல விக்கிறவங்க யார் சார் வயசு கேக்கறாங்க?"

"எங்க மாமா கேட்டார்" என்றேன். "விக்கிறவர்கிட்ட."

அவர் சிரித்தார். அவள் போன பிறகு என்னால் ஒருவர் சிரித்தது அதுவே முதல் தடவை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதிவு செய்துகொண்டேன், அவ்வளவுதான்.

5.

சிக்கல் எளியது. உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டால் நானும் மாமாவும் குற்றவாளிகள். போடாவிட்டால் சாவிக்காரர் ஒரு பொட்டலத்தின் எடை. நடுவழியாக, "ஒரு உறவினர் வாங்கச் சென்றார்" என்று எழுதினேன். மாமா என் வரைவுகளை எல்லாம் எடுத்துப் படிப்பார். செய்தித்தாள் முடிந்ததும் அதுதான் அடுத்த வேலை.

"யாருப்பா இது, ஒரு உறவினர்?"

"நீங்கதான் மாமா."

"நான் அவளுக்கு உறவினரா? அப்பா. அப்பான்னு எழுது."

"உங்களையும் கூண்டுல ஏத்துவாங்க மாமா."

"கூண்டு எனக்குத் தெரியாத இடமா? எதிர்ப்பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், அவ்வளவுதான்." பேப்பரை மடித்தார். "மாப்பிள்ளை, நான் ஒரு தீர்ப்புகூட சட்டத்தை மீறிக் குடுத்ததில்ல. தப்பான சட்டத்தையும் சரியாத்தான் நடத்தினேன். அதை நெனச்சாத்தான்..."

அப்பா என்று திருத்தினேன்.

6.

முடிவுகள்.

அ) சாவிக்காரர் விடுதலை. எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறோம். (எனக்குக் கட்டிப்பிடிக்க வராது.)

ஆ) மாமா கூண்டில் நிற்கிறார். இளம் நீதிபதி அவரிடம், "பேரு? அப்பா பேரு?" என்று (வேண்டாம். கதை தன் முதுகைத் தானே தட்டிக்கொள்கிறது.)

இ) சட்டம் மாறுகிறது. கடைகள் வருகின்றன. கையேடு எழுத என்னைக் கூப்பிடுகிறார்கள்.

விசாரணை இன்னும் வரவில்லை. வாக்குமூலத்தில் என் கையெழுத்தும் மாமாவுடையதும் போட்டாகிவிட்டது. மேலே என்ன நடக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஓட்டுப் போடுகிறவர் நீங்கள்.

எனக்கு மிச்சம் இருப்பது ஒரு கட்டம். "உங்க மனைவி கடைசியா என்ன சொன்னாங்க சார்? அதை எழுதுங்க, மனசைத் தொடும்" என்றார் வக்கீல் அம்மா. "அவரைக் காப்பாத்துங்க" என்று எழுதிப் பார்த்தேன். சாவிக்காரர் பிடிபடுவார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? "வலி இல்ல" என்று எழுதினேன். இருந்தது. மாமாவும் பலமுறை கேட்டுவிட்டார். "தூங்கிட்டா மாமா, ஒண்ணும் சொல்லல" என்றே சொல்லி வந்திருக்கிறேன். அவர் இதையும் படிப்பார்.

அந்தக் கடைசி நாள் மத்தியானம் அவர் சூப்பு வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவை. கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, அவள் ஒரு வாய் குடிக்கும் வரை கட்டிலருகே நின்றார். பிறகு பாத்திரம் கழுவப் போனார். பல மாதங்களாக எதை வாயில் வைத்தாலும் தகரம் மாதிரி இருக்கிறது என்றவள், முழுக் கிண்ணத்தையும் குடித்தாள். ஸ்பூனை உள்ளே போட்டாள். கதவைப் பார்த்தாள். என் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்துச் சொன்னாள். அப்புறம் தூங்கினாள், எழவில்லை. சொன்னது இதுதான்:

"உப்பே இல்லடா. அப்பாகிட்ட சொல்லிடாத."