அப்பிள் மரத்துக்குக் குழை

வேலைசெய்த தொழிற்சாலையை மூடியபின் என் மனுசன் நித்தியானந்தன் கட்டிலோடு ஒட்டிப்போனார். எட்டு மாதம் கழித்து அவரை எழுப்பியது நானல்ல; ஜேர்மனியின் வுப்பர்டாலில் தோட்டச் சங்கத்திடம் நாங்கள் குத்தகைக்கு எடுத்த சிறு தோட்டத்தில் நின்ற ஓர் அப்பிள் மரம். காலையில் அதைப் பார்க்கப் போவார். மத்தியானம், "பசிக்குது, சிவமலர்" என்றபடி வருவார். அந்த ஒரு சொல்லுக்காக மரத்தை விழுந்து கும்பிடவும் நான் தயார்.

2006 இலையுதிர்காலத்தில், உதிர்ந்த இலைகளை அவர் சாக்கில் கட்டினார். பக்கத்துத் தோட்டத்து வெர்னர் எல்லாவற்றையும் அகற்றச் சொன்னாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்தில் புகையிலைக்கு வண்டி வண்டியாக இலைகுழையை மண்ணுக்குள் தாழ்த்துப் புதைத்த வீட்டுப் பெண் நான். நல்ல பசளையைக் குப்பையில் போடுவதா? ஊரில் வங்கியில் பேனை பிடித்த மனுசனுக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று அவரை வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் சாக்கை வைத்துவிட்டுப் போனார். நான் இலைகளை மரத்தடியில் குவித்து, பேருக்குக் கொஞ்சம் மண் தூவினேன்.

அடுத்த வருசம் வைகாசி முழுக்க மழை. இலைகளில் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. ஆனியில் மரம் பாதி மொட்டை. காய்கள் சொறி பிடித்து வெடித்தன. வெர்னரின் மரங்களிலும் அதே புள்ளிகள். அவர் வந்து எங்கள் மரத்தடியைக் காலால் கிளறினார். இந்தப் பூஞ்சணம் உதிர்ந்த இலையில்தான் குளிர்காலத்தைக் கழிக்கும், மழையோடு திரும்ப மரத்துக்கு ஏறும் என்றார். பிறகு, இதைக் குவித்தது யார் என்று கேட்டார்.



"நான்தான்," என்றார் என் மனுசன்.

கிழட்டு மரம், இனித் தேறாது என்று தோட்டச் சங்கம் வெட்டச் சொல்லிவிட்டது. அவரே வெட்டினார். கட்டைகளை அடுக்கினார், மரம் அரிந்த வாளைக் கழுவினார், வீட்டுக்கு வந்து படுத்தார்.

மூன்றாம் வாரம் நான் கட்டில் விளிம்பில் இருந்து அழுதேன். பிழை என்னுடையது, வெர்னரிடம் போய்ச் சொல்கிறேன், வேறு கன்று நடுவோம் என்றேன். அவர் சுவர்ப் பக்கமாகவே கிடந்தார்.

"சொல்லாதையும். ரெண்டுபேரும் படுத்தால் ஆர் சமைக்கிறது?"

சமைத்தேன். மத்தியானம் சோற்றைக் கோப்பையில் போட்டுக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். பசிக்கவில்லை என்றார். பின்னேரம் அதை எடுத்துவந்து, குசினியில் நின்றபடி நானே தின்றேன். எனக்குப் பசித்தது. அதுதான் வெட்கமாக இருந்தது.